வகுக்க முடியாது என்று சொன்ன மகனுக்கு

மக்கா,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் வரும் தெரிந்தவர் யார் கையிலாவது கொடுத்தனுப்பப் போகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீ என்னைப் பற்றிப் பாறசாலைச் சந்தையில் ஒரு மேசைமேல் ஏறி நின்று ஊர் கேட்கப் பேசினாய். எனக்கு மேசை ஏறுகிற வயதும் இல்லை, அத்தனை தொண்டையும் இல்லை. அதனால்தான் திறந்த உறை. நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து நடத்துகிற அந்த வாரத்தாளில் போடத் தைரியம் இருந்தால் போடு. போட்டால் ஒரு வரி வெட்டாமல் போடு.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று முதல் பத்தியில் எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது பத்தியில்தான் வந்தது வினை. மாநில எல்லையைப் பிரித்த பிறகு எந்தப் பக்கத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று பள்ளிக்கூடத்து ஆட்களிடமெல்லாம் கேட்டிருக்கிறார்களே, மறுபேச்சில்லாமல் தமிழ்ப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடு, அப்பாவும் பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வரட்டும், கல்யாணத்துக்கு முன்னால் குடித்தனத்தை இங்கே மாற்றிவிடலாம் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். 'அங்கே இனி நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது?' உன் அப்பாவுக்கு நான் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே, "கல்யாணக் காரியத்த மொதல்ல எழுதியிருக்கான்லா, நல்ல பிள்ளையாக்கும்" என்றார். அவருக்கு முதல் பத்தியோடு கடிதம் முடிந்துவிட்டது. எனக்கு அந்த 'மிச்சம்' தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கணக்கு வாத்தியாரம்மாவின் பிள்ளை, மிச்சம் என்ற சொல்லை இப்படியா எழுதுவது?

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் நீ சந்தையில் பாதியாகவும் தப்பாகவும் சொன்ன அந்த எண்ணை நான் முதலிலிருந்து சொல்கிறேன். முப்பத்தொரு நாள் உள்ள ஒரு மாதத்தை எடுத்துக்கொள். முதல் நாள் ஒரு நெல்மணி வை. மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு என்று தினமும் இரட்டித்துக்கொண்டே போ. மாதக் கடைசியில் எல்லா மணிகளையும் ஒன்றாகக் கூட்டினால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு வரும். இரண்டை முப்பத்தொரு தடவை பெருக்கி ஒன்று குறைத்தாலும் இதேதான். இது பகா எண். பகுபடாதது, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதது. நெடுங்காலம் உலகத்தில் மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுவாகத்தான் இருந்தது. இப்போது மின்சார யந்திரங்கள் இதைவிடப் பிரமாண்டமானவற்றையெல்லாம் கண்டுபிடிக்கின்றனவாம். கண்டுபிடிக்கட்டும். யந்திரத்தின் எண்ணை நான் சரிபார்க்க முடியாது. இதை என் கையால் சரிபார்த்தேன்.

முப்பத்தொன்று என்ன அப்படி உசத்தி என்று நீ சின்ன வயதில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்று மேசைமேல் ஏறி உளறியிருக்க மாட்டாய். மாதம் முப்பது நாளாக இருந்தால் மொத்தம் மூன்றாலும் வகுபடும், ஏழாலும் வகுபடும், நொறுங்கிப் போகும். நாட்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் மொத்தமும் பகா எண்ணாக இருக்க வாய்ப்பே உண்டு. வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. பதினொன்று பகா எண்தான். ஆனால் பதினொரு நாள் நெல்மணியைக் கூட்டினால் வருவது இரண்டாயிரத்து நாற்பத்தேழு. பார்க்க உடையாதது போல உம்மென்று இருக்கும், உள்ளே இருபத்து மூன்றும் எண்பத்தொன்பதும் பெருக்கிக் கிடக்கும். இருபத்தொன்பதும் அப்படித்தான் ஏமாற்றும், அதன் மொத்தம் இருநூற்று முப்பத்து மூன்றால் வகுபட்டுவிடும். வெளியே ஒற்றுமையாகத் தெரிவதெல்லாம் உள்ளே ஒற்றுமை இல்லை என்பது எனக்கு அரசியல் பார்த்துத் தெரிந்த விஷயம் அல்ல, இந்தக் கணக்கில் தெரிந்தது. உன் கட்சிக்காரர்களில் யார் பதினொன்று, யார் முப்பத்தொன்று என்று உனக்கு இப்போதாவது தெரிந்ததா?

கல்லூரியில் படிக்கிறபோது, அந்த எண் பகா எண் என்று ஐரோப்பாவில் ஒருவர் வெறும் கையால் கணக்குப் போட்டே நிரூபித்தார் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எப்படி என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "அது பரீட்சைக்கு வராது" என்றார். அன்று பிடித்த பிடிவாதம். கல்யாணம் ஆகி, நீ பிறந்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்த பிறகு, திருத்தி முடித்த விடைத்தாள்களின் பின்பக்கத்தில் வகுத்துக்கொண்டே இருந்தேன். எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் இதில் அழகு. இந்த எண்ணைப் பிளக்கக்கூடிய பகா எண் ஒன்று இருக்குமானால், அதை அறுபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மீதி வந்தே ஆக வேண்டும். எட்டால் வகுத்தால் ஒன்றோ ஏழோ மீதி வர வேண்டும். அந்த லட்சணம் இல்லாதவனைப் படியேற விட வேண்டாம். நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரை பார்த்தால் போதும், அதற்கு மேல் தேடுவது வீண். லட்சணம் உள்ளவர்களில் முதல் ஆள் முந்நூற்றுப் பதினொன்று. அவனால் வகுத்தால் முப்பத்தைந்து மீதி. அவன் போய்விட்டான், அடுத்தவன் வா என்று ஒவ்வொருவனாக வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

உனக்கு நினைவிருக்கும், பூவாரிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளுக்கு உன் அப்பா கடையில் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் அதில் நெத்திலிக் கருவாட்டைப் பொதிந்து வீடு வீடாக விற்றுவிட்டாள். என்னுடைய பல மாத வகுத்தல் அது. நான் கத்தியதில் அண்டை வீட்டார் களவு போய்விட்டது என்று ஓடி வந்தார்கள். உன் அப்பா நிதானமாக, "மீதி வருமெண்ணு நீதானே சொன்ன. மீதி வரும்னா வகுபடாது, அம்புடுதான. பின்ன எதுக்கு இன்னொருவாட்டி?" என்றார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவரிடம் சொல்லிப் பயனில்லை. முதலிலிருந்து போட்டேன். போட்டு முடித்தேன். முடித்த அன்று சாயங்காலம் உங்கள் இருவரிடமும் "பகா எண்தான்" என்று சொன்னேன். நீ, "அது முன்னாலயே தெரியும்லா" என்றாய். அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து எனக்கு வாய்த்தது இப்படி.

அந்த எண் உன் மண்டையில் ஏறியது கணக்கினால் இல்லை, அந்தப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரால்தான். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்தார். பிள்ளைகளுக்கு மலையாளம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தார். கரும்பலகையில் அந்த எண் இருந்தது. ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் எழுந்து, "இருநூத்திப் பதினாலு கோடி, எழுவத்தி நாலு லெச்சத்தி, எம்பத்தி மூவாயிரத்தி, அறுநூத்தி நாப்பத்தேழு" என்று மூச்சு விடாமல் வாசித்தாள். அவர் முகம் மலர்ந்து, "கொள்ளாம். குட்டி நல்ல மலையாளம் பறயுன்னுண்டு" என்றார். "சார், அவ தமிழ்லயாக்கும் வாசிச்சா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "எனிக்கு மனஸ்ஸிலாயல்லோ டீச்சரே" என்று, தனக்குத்தான் புரிந்துவிட்டதே என்கிற மாதிரி, எழுந்து போனார். இதை நான் சோறு போடும்போது சிரித்துக்கொண்டு சொன்னேன். நீ சிரிக்கவில்லை. உனக்கு அது அவமானமாகப் பட்டது. நம் எண்ணைக்கூட அவர்கள் தங்களுடையது என்கிறார்கள் என்று சாப்பாட்டின் பாதியில் எழுந்து போனாய். இரண்டு பாஷைக்கும் சொந்தமாக ஒரு எண் இருப்பது உனக்கு ஏன் அவமானம் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

கோபப்பட உனக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழில் எழுதிக் கொடுத்த மனு தாலுகா கச்சேரியிலிருந்து திரும்பி வந்ததை நானும் பார்த்தேன். தமிழ் பேசும் இடங்கள் தமிழோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் உயிரையும் கொடுத்தார்கள். தடியடியில் உன் தோள் கறுத்துப்போய் வந்தாய். நான்தான் எண்ணெய் காய்ச்சித் தடவினேன். தடவும்போது நீ ஒரு சத்தம் போடவில்லை, அப்போது உன்னை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தத் தோளை வைத்து நீ எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், நீ கணக்கைத் தொடுகிற வரைக்கும்.

அந்தச் சந்தைக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பெண்கள் நின்ற பக்கம், வாழைக்குலைகளுக்குப் பின்னால். நீ கையை உயர்த்தி, "எனக்க அம்மைக்கிட்ட ஒரு எண்ணு உண்டு. இருநூறு கோடிக்கு மேல. எந்தக் கொம்பனாலயும் அத வகுக்க முடியாது. நெய்யாற்றின்கரைத் தமிழனும் அப்பிடியாக்கும். நாங்க பகா எண்ணு, எங்கள வகுக்க முடியாது" என்று முழங்கினாய். சந்தையே கை தட்டியது. என் பக்கத்தில் நின்றவள் என்னை இடித்து, "டீச்சரே, உங்க பிள்ளையா" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கையும் தட்டிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் நீ சொன்னது தப்பு என்று உறைத்தது. உன்னிடம் அன்றே சொல்ல வந்தேன். உன்னைச் சுற்றி மாலையும் ஆளுமாக இருந்தது. வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிறகு மாநிலங்களைப் பிரிக்க வந்த கமிஷனின் முடிவு வந்தது. தெற்கே நான்கு தாலுகா தமிழ்ப் பக்கம் போகும், நம் நெய்யாற்றின்கரை மலையாளத்தோடு இந்தப் பக்கமே இருக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். களியக்காவிளையில் எல்லை நிற்குமாம். நம் வீட்டிலிருந்து உப்பு வாங்கப் போகிற தூரம். அன்றிலிருந்து எனக்கு ஊரில் புதுப் பெயர். வெள்ளறடை பஸ்ஸுக்கு நின்றால் கண்டக்டர் தலையை நீட்டி, "டீச்சரே, ஒங்க பகா எண்ண வகுத்துப் போட்டானுவளே" என்கிறான். கடைக்கு வருகிறவன் எல்லாம் உன் அப்பாவிடம், "எண்ணு சொகமா இருக்கா" என்று விசாரிக்கிறான். அவர், "மீதியோட இருக்கு" என்று பதில் சொல்கிறாராம். இந்த ஆளுக்கு எப்போது கணக்கு வந்தது என்று தெரியவில்லை. இத்தனை கேலியையும் என் தலையில் கட்டிவிட்டு, நீ முடிவு வந்த வாரமே பெட்டி கட்டினாய். நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தாய். எங்களை வகுக்க முடியாது என்று மேசைமேல் நின்று சொன்னவன்தான் முதல் பஸ்ஸில் போனான். எனக்குப் பொத்துக்கொண்டு வருவது இங்கேதான்.

இப்போது உன் தப்பைச் சொல்கிறேன், கேள். பகா எண்ணை வகுக்க முடியாது என்று எவன் சொன்னான்? தாராளமாக வகுக்கலாம். யாரும் வகுக்கலாம். இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி. மூன்றால் வகுத்தாலும் ஒன்று மீதி. ஐந்தால் வகுத்தால் இரண்டு மீதி. நான்கால் வகுத்தால் மூன்று மீதி. நான்கு தாலுகா போனது, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீருமேடு என்று நாம் கேட்டதில் மூன்று நின்றது என்று நீ உடனே அடுத்த கூட்டத்துக்கு இதை எடுத்துக்கொண்டு ஓடாதே. அது வெறும் ஒப்பு, கணக்கு இல்லை. கணக்கு என்னவென்றால், பகா எண்ணை எவன் எப்படி வகுத்தாலும் மீதி இல்லாமல் போகாது. அதன் லட்சணமே அதுதான். உடையாது என்பதல்ல, மீதி விடாமல் விடாது என்பது. நீ கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்களை வகுத்தால் மீதி வரும், அந்த மீதிக்கு என்ன வழி என்று கேட்டிருக்க வேண்டும். வகுக்கவே முடியாது என்று சொன்னதால், வகுத்தது வந்தபோது உன்னிடம் பேச்சு தீர்ந்துவிட்டது. பேச்சுத் தீர்ந்தவனுக்குப் பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. மீதியைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் யோசிக்கவில்லை, அந்தப் பக்கத்திலும் யோசிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று உன் பக்கத்தில் வெடி போட்டார்கள். அந்தச் சத்தம் எங்கள் முற்றத்தில் கேட்டது.

நீ கேட்டாயே, என்ன மிச்சம் இருக்கிறது என்று. இதோ இருக்கிறோம், நாங்கள்தான் அந்த மிச்சம். மலையாளத்தில் இதைச் சிஷ்டம் என்பார்கள். என் பிள்ளைகளில் பாதிப் பேர், "டீச்சர், சிஷ்டம் ரெண்டு" என்றுதான் சொல்கிறார்கள், நான் திருத்துவதில்லை. தமிழில் மீதி என்கிறோம், மிச்சம் என்கிறோம். எறிந்துவிட்டுப் போவதற்கும் மிச்சம் என்றுதான் பெயர், பத்திரமாகச் சேர்த்து வைப்பதற்கும் மிச்சம் பிடித்தது என்றுதான் பெயர். நீ எந்த மிச்சத்தை எழுதினாய் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்து நிலைமை உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. தமிழ்ப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த சார் உன் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன், அவர் வீடும் நிலமும் அங்கே, அவரைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது தமிழ் டிவிஷனுக்கு நான் ஒருத்திதான். கணக்கும் நானே, தமிழும் நானே. தலைமையாசிரியர் நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி, நம்மீது பிரியம் உள்ளவர். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர் போகுன்னுண்டெங்கில் இப்போளே பறயணம்" என்றார். போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பின்னே தமிழ் டிவிஷன் இல்லா. குட்டிகளெ மலையாளத்தில் சேர்க்கும். ஞான் எந்து செய்யான்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கையை விரித்துத்தான் சொன்னார். அந்த விரித்த கையைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாக எரிந்தது. எல்லோரும் நல்லவர்கள், ஆனால் ஒரு வகுப்பறை இல்லாமல் போகப்போகிறது. யாரோடு சண்டை போடுவது?

அதற்கு மறுநாள் அதியன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அன்று இன்ஸ்பெக்டரிடம் எண்ணை வாசித்தாளே, அந்தப் பெண்ணின் அம்மா. மூத்தவள் படித்து முடித்துவிட்டாள், இப்போது இளையவள் என்னிடம் படிக்கிறாள். மண் காயாத காலோடு வாசலிலேயே நின்றுகொண்டு, "டீச்சரே, நீங்க போறியளாமே, உள்ளதா?" என்றாள். யார் சொன்னார்கள் என்றேன். "ஊரு முழுக்கச் சொல்லுதாவ. ஒங்க மவன் கூட்டிட்டுப் போறானாம்லா." அவள் தயங்கித் தயங்கி, "நீங்க போனா இவ மலையாளம் எழுத்துத் தெரியாம சின்னப் பிள்ளைகளுக்கூட போயி இருக்கணுமாம். இருக்க மாட்டா டீச்சரே, இவளுக்கு மானம் சாஸ்தி. எனக்ககூட மரச்சீனி பிடுங்க வந்திருவா. அதத்தான் கேட்டுட்டுப் போலாமெண்ணு" என்றாள். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நான் போகிறேனா இல்லையா என்று தெரிந்தால், மகளை மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வயலுக்கு எப்போதிலிருந்து கூட்டிப் போகலாம் என்று தீர்மானித்துக்கொள்வாள், அவ்வளவுதான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "யோசிச்சுச் சொல்லுகேன்" என்றேன். வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த வகுப்பில் நின்றவள், யோசித்துச் சொல்கிறாளாம்.

யோசிக்கத்தான் செய்தேன், பொய் சொல்லவில்லை. எனக்கும் வயதாகிறது. முட்டி வலிக்கிறது. ஒரே பிள்ளை நீ, உன் வீட்டில் உட்கார்ந்து உன் பெண்டாட்டி கையால் ஒரு காப்பி குடிக்க எனக்கு ஆசை இல்லை என்று நினைக்கிறாயா? அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. போட்டோவில் கண்ணை நேரே வைத்துப் பார்க்கிறாள். அவளிடம் மேடைப்பேச்சு பேசாதே, மக்கா. அவள் ஏதாவது கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல். தெரியாது என்றால் தெரியாது என்று சொல். உன் அப்பா எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான், தெரியாததைத் தெரிந்தது போல என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. கருவாட்டுக் காகித விஷயத்தில்கூட அவர் சந்தேகம்தான் கேட்டார்.

யோசித்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான். இதையும் கணக்காகத்தான் சொல்ல வருகிறது, பொறுத்துக்கொள். கமிஷன் வகுத்தது, மீதி வந்தது. இனி யார் வந்து எத்தனையால் வகுத்தாலும் மீதி வந்துகொண்டேதான் இருக்கும். அந்த மீதியைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம், பூஜ்யமாக்க வெளியே இருக்கிற எந்த எண்ணாலும் ஆகாது. ஒன்றால் வகுத்தால் மீதி இல்லைதான், ஆனால் அது வகுத்தலே இல்லை, எண் முழுதாக அப்படியே நிற்கும். பகா எண்ணை ஒன்றுமில்லாமல் வகுத்துத் தீர்க்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது அந்த எண்ணேதான். தன்னைத் தானே வகுத்துக்கொண்டால் மீதி பூஜ்யம். தமிழ் சார் போய், நான் போய், உன் அப்பா கடையைப் பூட்டி, அந்தச் சின்னவள் மரச்சீனி பிடுங்கப் போனால், அப்போதுதான் கணக்கு மீதியில்லாமல் முடியும். அதைச் செய்ய எந்த சர்க்காரும் வேண்டாம், நாமே போதும். நீ என்னை அதற்குத்தான் கூப்பிடுகிறாய். பாசத்தில்தான் கூப்பிடுகிறாய், தெரியும். ஆனால் கூப்பிடுவது அதற்குத்தான்.

நேற்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், நான் இந்தப் பக்கமே இருக்கிறேன் என்று. "மகன் அவிடெயல்லே" என்று கேட்டார். "அதே, அங்கேதான்" என்றேன். அதியன்னூருக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினேன். இன்று காலையில் அந்தச் சின்னவள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு முதல் பெஞ்சில் இருந்தாள், வீட்டுக்கணக்கு மட்டும் செய்யவில்லை. நன்றாகத் திட்டினேன்.

கோபத்தில் எழுதினேன், கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. நீ இல்லாத வீட்டில் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்பதும் இதே கோபத்தில் சேர்த்தி. நாங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவோம். உன் அப்பா புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டார், அவர் உடம்புக்குப் பொருந்தாத நிறம், நீ பார்த்துச் சிரிக்காதே. அம்மாவும் அப்பாவும் இனி எங்களோடுதான் இருப்பார்கள் என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தால், இப்போதே மாற்றிச் சொல்லிவிடு. தாலி கட்டி முடித்து, சாப்பாடு முடிந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாறசாலை பஸ்ஸில் எங்களை நீயேதான் ஏற்றிவிட வேண்டும், மாலையும் கழுத்துமாக வந்தாலும் சரி. என்னை ஒருநாள் கூடுதலாக இருத்தப் பார்க்காதே. திங்கட்கிழமை எனக்கு வகுப்பு உண்டு.

அம்மா